கூலி வரிசையில் நிற்கும் மகன்: கிறிஸ்தவ விசுவாசம் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் தெருமுனையில் மாலை நேரத்தில் தட்டுவடை செட் போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். புனித வெள்ளிக்கு முந்தைய வாரம், கேரட் துருவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "தம்பி, எம் பொண்ணோட படிக்கிற பிள்ளை சர்ச்சுக்குக் கூப்பிடுதாம். போனா என்னென்ன செய்யணும், என்னென்ன விடணும்? தெரிஞ்சுக்கிட்டு அனுப்பலாம்னு பாக்கறேன்."

நான் பட்டியல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, காலையும் இரவும் ஜெபம், வேத வாசிப்பு, காணிக்கை, ஈஸ்டருக்கு முன்னால் 40 நாள் லெந்து என்ற தவக்காலம், பத்துக் கட்டளை. அக்கா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எல்லா சாமிக்கும் இப்படித்தானே தம்பி, பட்டியல்தான் கொஞ்சம் மாறும்" என்றார்.

செட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டவரிடம், அங்கே எத்தனை மணிக்கு வாசல் தெளிப்பார்கள், எத்தனை மணிக்கு விளக்கணைப்பார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

விட்டுப்போன அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். அக்கா போலப் புதிதாகக் கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்திலேயே பிறந்து, பட்டியலை மட்டும் கையில் வாங்கிக்கொண்டவர்களுக்காகவும்தான். நானும் பல வருஷம் அப்படி இருந்தவன்.

எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டு வாங்குவது

சேலத்துக் கொலுசுத் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். செவ்வாய்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் எத்தனையோ வீடுகளில் முன்னறையே பட்டறை. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். அது கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடியும் எடை. இவ்வளவு சேதாரம் போகலாம் என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். அதற்கு மேல் குறைந்தால் பட்டறைக்காரர் பதில் சொல்ல வேண்டும். அதனால் தரையில் விழுந்த தூளைக்கூடக் கூட்டி அள்ளி எடுத்து வைப்பார்கள். தொழிலுக்கு அதுதான் நியாயம்.

கடவுளோடும் இப்படியே ஒரு தராசு வைத்துக்கொள்ளலாம் என்று நம் மனசு தானாகவே நினைக்கிறது. இத்தனை ஜெபம் கொடுத்தேன், இத்தனை ஆசீர்வாதம் வர வேண்டும். பையன் பாஸானால் இன்னது தருகிறேன் என்று ஒரு பொருத்தனை. ஒரு ஞாயிறு ஆலயத்துக்குப் போகாவிட்டால், அந்த வாரம் வண்டி பஞ்சரானதற்கும் அதுதான் காரணம்.

எனக்குப் பதினைந்து வயதில் ஒரு நோட்டு இருந்தது. ஒரு நாளைக்கு வேதாகமத்தில் எத்தனை அதிகாரம் வாசித்தேன் என்று கட்டம் போட்டுக் குறித்து வைப்பேன். ஏற்காட்டில் இருந்த என் பாட்டி இறந்துபோன வாரம் அந்தக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. அடக்கம் முடிந்து கீழே வந்த அன்று ராத்திரி, அந்த ஏழு நாளுக்கான அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்து நிரப்பினேன். என்ன வாசித்தேன் என்று ஒரு வரிகூட நினைவில்லை. காலிக் கட்டங்களைக் கடவுள் பார்த்துவிடுவாரே என்ற பயம் மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. பாட்டிக்காக அழுவதைக்கூட அந்தப் பயம் தள்ளி வைத்துவிட்டது.

கணக்கு சரியாக இருந்தால் பெருமை வருகிறது, கணக்கு தவறினால் பயம் வருகிறது. இரண்டிலும் நான் என்னையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிரில் இருப்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

விடுதலை முதலில், கட்டளை பிறகு

அப்படியானால் வேதாகமத்தில் இத்தனை சட்டங்கள் எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மோசேயின் நியாயப்பிரமாணத்தில், அதாவது அவர் வழியாகக் கடவுள் கொடுத்த சட்டத்தில், மொத்தம் 613 கட்டளைகள் என்று யூத மரபு எண்ணி வைத்திருக்கிறது. உணவு, உடை, விதைப்பு, அறுவடை, கடன், வழக்கு எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு.

ஆனால் அவை வந்த வரிசையைக் கவனியுங்கள். இஸ்ரவேல் மக்கள் எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் கூக்குரலைக் கடவுள் கேட்டார், வெளியே கொண்டுவந்தார். யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில் கடலைக் கடக்கிறார்கள். பத்துக் கட்டளைகள் வருவது 20ஆம் அதிகாரத்தில்தான். அதுவும் "செய்யாதே" என்ற சொல்லோடு தொடங்கவில்லை. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்றுதான் தொடங்குகிறது. நான் யார், உனக்கு என்ன செய்தேன், இனி நாம் எப்படி வாழலாம் என்ற வரிசை அது. கட்டளைகளைக் கைக்கொண்டு காட்டுங்கள், அப்புறம் விடுவிக்கிறேன் என்று எகிப்தில் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யூத மதம் என்றால் சட்டம், கிறிஸ்தவம் என்றால் அன்பு என்று சில பிரசங்கங்களில் பிரித்துப் பேசுவார்கள். அது சரியில்லை. 119ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். 176 வசனங்கள். முழுக்க முழுக்க நியாயப்பிரமாணத்தின் மேல் வைத்த ஆசை. "உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்" என்று உருகுகிறவனுக்குச் சட்டம் சுமையாக இருந்திருக்காது. கொடுத்தவர் மேல் அன்பு இருந்ததால் கொடுத்ததும் இனித்தது. அந்த அன்பு கழன்றுபோய்ச் சட்டம் மட்டும் மிஞ்சும்போதுதான் இயேசு கோபப்பட்டார். ஒற்தலாம் என்ற புதினா, வெந்தயம், சீரகம் வரைக்கும் பத்தில் ஒரு பங்கு அளந்து கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று அவர் கேட்டது மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கேள்வி அந்தக் காலத்துச் சட்ட அறிஞர்களான வேதபாரகரோடு முடிந்துபோகவில்லை. என் கட்டம் போட்ட நோட்டையும் அது கேட்டது.

இரண்டு மகன்கள்

இயேசு சொன்ன கதைகளில் இந்த விஷயத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் தகப்பன் கதை. இளைய மகன் சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு தூரதேசம் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்து, பசியில் வீடு திரும்புகிறான். இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். நான் பல வருஷம் கவனிக்காமல் விட்ட ஒன்று அதில் இருக்கிறது.

திரும்பி வரும்போது அவன் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான். அதன் கடைசி வரி: "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." மகனாக இருக்கும் யோக்கியதை போய்விட்டது, வேலை செய்து சாப்பிடுகிறேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். தகப்பனோ அவனைத் தூரத்தில் கண்டதுமே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறார். அவன் பேசத் தொடங்குகிறான். பாவம் செய்தேன் என்கிறான், மகன் என்று சொல்லப்படத் தகுதியில்லை என்கிறான். அந்தக் கூலிக்காரன் வரி மட்டும் வரவே இல்லை. அதற்குள் தகப்பன் ஊழியக்காரர் பக்கம் திரும்பி, நல்ல வஸ்திரம் கொண்டுவாருங்கள், மோதிரம் போடுங்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். கூலி பேச இடமே கொடுக்கவில்லை.

மூத்தவன் வீட்டை விட்டுப் போனதே இல்லை. வயலில் வேலை செய்துவிட்டு வருகிறான், உள்ளே விருந்துச் சத்தம் கேட்கிறது. கோபித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். தகப்பன் அவனுக்காகவும் வெளியே வருகிறார். அப்போது அவன் சொல்வது: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" எனக்கு ஓர் ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா? (வேதாகமத் தமிழில் கற்பனை என்றால் கட்டளை.) மூல கிரேக்கத்தில் "ஊழியஞ்செய்து" என்ற இடத்தில் இருக்கிற சொல், அடிமையாக உழைப்பதைக் குறிக்கும் சொல். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், அவன் அடிமை மாதிரி வாழ்ந்திருக்கிறான். அதைத் தகப்பன் அவன்மேல் சுமத்தவில்லை.

என் பள்ளித் தோழனின் அப்பா பட்டறை வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலி கொடுப்பார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கணக்குச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். என் தோழனும் பள்ளி விட்டு வந்து அதே தரையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்வான். அவன் அந்த வரிசையில் நின்றதில்லை. எல்லாரும் போன பிறகு அப்பாவோடு உள்ளே போய்ச் சாப்பிட உட்காருவான். அவன் ஒரு சனிக்கிழமை வரிசையின் கடைசியில் வந்து கையை நீட்டியிருந்தால் அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

"மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்பது தகப்பனின் பதில். மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை. கதை வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஒழுங்காக வாழும், ஆலயத்துக்குத் தவறாமல் வரும் என்னைப் போன்றவர்கள்தான் அந்த வாசலில் நிற்கிறோம் என்பது எனக்குப் புரிய நாற்பது வயது ஆனது.

"விசுவாசம்" என்ற சொல்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதிகம் பயன்படுத்தும் சொல் இது. வேதாகமத்தின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாட்டில் இருக்கும் கிரேக்கச் சொல் பிஸ்டிஸ். ஒரு கருத்தை ஒப்புக்கொள்வதோடு, ஒருவர்மேல் நம்பிக்கை வைப்பது, ஒருவருக்கு உண்மையாக இருப்பது என்ற பொருளும் அதற்கு உண்டு. நம் பேச்சுத் தமிழிலும் "அவன் விசுவாசமானவன்" என்றால் என்ன பொருள்? ஏதோ பத்துக் கொள்கைகளை அவன் ஒப்புக்கொண்டான் என்றில்லை. கைவிட மாட்டான் என்று பொருள். ஆகவே இந்தத் தமிழ்ச் சொல் நமக்கு நன்றாகவே உதவுகிறது.

கடவுள் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்வது மட்டுமே விசுவாசம் ஆகாது. பிசாசுகளும் அப்படி விசுவாசித்து நடுங்குகின்றன என்று புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபின் கடிதம் பட்டென்று சொல்கிறது. மாவட்ட ஆட்சியர் யார், எங்கே உட்காருகிறார், என்ன உத்தரவு போட்டார் என்று ஒருவர் விரல்நுனியில் வைத்திருக்கலாம். ஆபத்து நேரத்தில் நடுராத்திரி அவர் கதவைத் தட்டுவதற்கு அந்த விவரம் போதாது.

இந்த உறவு எப்படிக் கிடைக்கிறது என்பதற்குக் கிறிஸ்தவர்கள் சொல்லும் பதில் கிருபை. கத்தோலிக்கர் அருள் என்பார்கள். சம்பாதிக்காமல் கிடைப்பது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று இயேசுவின் அப்போஸ்தலர் பவுல் எபேசு நகரத்துச் சபைக்கு எழுதினார். இயேசு சிலுவையில் மரித்ததும் உயிர்த்தெழுந்ததும் இந்த உறவுக்கு வழி திறந்தன என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுப்புள்ளி. முறிந்த உறவைச் சரிசெய்ய, காயப்பட்டவரே முதலில் வந்தார் என்று அதைச் சொல்லலாம். நம் வீடுகளில் சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது என்பதில்தானே எல்லாம் நிற்கிறது?

இது ஒரு பிரிவினருக்கு மட்டும் சொந்தமான கருத்தா? 1517இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் தொடங்கிய சர்ச்சை இதைச் சுற்றித்தான் பெரிதாகி, மேற்கத்தியத் திருச்சபை பிளந்தது. ஆனால் 1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதைப் பற்றி ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் தன் புண்ணியத்தால் அன்றி, கிருபையால்தான் கடவுளோடு ஒப்புரவாகிறான் என்பதை இரண்டு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. அரிசிப்பாளையத்துக் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போகிறவரும், சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போகிறவரும், சின்ன ஜெபவீட்டில் கைதட்டிப் பாடுகிறவரும் வழிபாட்டில் எவ்வளவு வேறுபட்டாலும், இந்த இடத்தில் ஒரே தரையில்தான் நிற்கிறார்கள்.

அப்பா, நீர், எங்கள்

புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் "அப்பா பிதாவே" என்று வருகிறது. மாற்கு 14, ரோமர் 8, கலாத்தியர் 4. அந்த "அப்பா" மொழிபெயர்ப்பு இல்லை. இயேசு பேசிய அரமேயச் சொல் அது. கிரேக்கத்தில் எழுதியவர்கள் அதை அப்படியே ஒலி மாறாமல் வைத்துக்கொண்டார்கள். அது நம் வீட்டுச் சொல்லாகவே நம் காதில் விழுவது தற்செயல்தான். ஆனாலும் என்ன ஒரு தற்செயல்! கெத்செமனே தோட்டத்தில், அடுத்த நாள் சாகப்போகிறவர் கூப்பிட்ட அதே சொல்லைத்தான் நம் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் கூப்பிடுகிறார்கள். அரமேயத்தில் பெரியவர்களும் தங்கள் தகப்பனை இப்படித்தான் கூப்பிட்டார்கள். எனவே கொஞ்சல் மட்டும் இல்லை அதில், மரியாதையும் இருக்கிறது.

தமிழ் ஜெபத்தில் கடவுளை "நீர்" என்கிறோம். "நீ" என்று ஒருமையில் இறக்குவதும் இல்லை, "நீங்கள்" என்று எட்டி நிற்பதும் இல்லை. வேறெங்கும் அதிகம் புழங்காத அந்தச் சொல் ஜெபத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அப்புறம், இயேசு கற்பித்த ஜெபம் "என் பிதாவே" என்று தொடங்கவில்லை. "எங்கள் பிதாவே." தனிப்பட்ட உறவு என்று சொல்லும்போது பலர் தவறிப்போகும் இடம் இது. "தனிப்பட்ட உறவு" என்ற சொற்றொடர் அதே வடிவில் வேதாகமத்தில் எங்கும் கிடையாது. பின்னால் வந்தவர்கள் விளக்கத்துக்காகச் சொல்லிக்கொண்டது. அது நல்ல விளக்கம்தான். ஆனால் நானும் கடவுளும் போதும், மற்றவர்கள் வேண்டாம் என்று அதைப் புரிந்துகொண்டால் "எங்கள்" தொலைந்துபோகும். எவ்வளவு செல்லப் பிள்ளையாக இருந்தாலும் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளோடுதான் ஒருவன் பிள்ளை.

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் வெளியே தெரியும். 1934இல் அணை கட்டி முடித்தபோது ஊரோடு மூழ்கிய ஆலயம். கட்டடத்தை விட்டுவிட்டு மக்கள் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். சபை என்று புதிய ஏற்பாடு சொல்வது அப்படி ஏறி வருகிற மக்களைத்தான், கோபுரத்தை இல்லை.

உதடு சொல்வது நெஞ்சிலிருந்து வர வேண்டும் என்ற அழுத்தம் தமிழ்நாட்டுச் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளுக்குத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர். மனப்பாடமாக அறிக்கை சொன்னால் போதாது, மனம் திரும்ப வேண்டும் என்று வலியுறுத்திய இயக்கம் அது. கடவுளைத் தாயாக, தந்தையாக, தோழனாகப் பாடிப் பழகிய நாடு நம்முடையது. இந்தப் பேச்சு இங்கே யாருக்கும் அந்நியமாகப் பட்டிருக்காது.

மிளகுக்கொடியும் திராட்சைக் கிளையும்

"நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்" என்று இயேசு யோவான் 15இல் சொல்கிறார். சின்ன வயதில் இதைக் கேட்டபோது என் மனசில் வந்தது ஏற்காட்டு மிளகுக்கொடி. பாட்டி வேலை செய்த காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்கு நிற்கும். ஒவ்வொரு மரத்திலும் மிளகு ஏறியிருக்கும். கொடி என்றால் அதுதானே?

பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. மிளகுக்கொடி மரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாலும் மரத்திலிருந்து ஒரு சொட்டுச் சாறுகூட எடுப்பதில்லை. அதன் வேர் தனியாகத் தரையில் இருக்கிறது. மரம் அதற்கு வெறும் பிடிமானம். கம்பத்தை நட்டு வைத்தாலும் அதில் ஏறிக்கொள்ளும். இயேசு சொன்ன சொல்லோ செடியின் கிளையைக் குறிக்கிறது. கிளைக்குத் தனி வேர் கிடையாது. செடியின் சாறு கிளைக்குள் ஓடினால்தான் இலை, பூ, காய். வெட்டி எடுத்தால் இரண்டு நாளில் வாடிவிடும்.

என் நோட்டுக் காலத்து வாழ்க்கையை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. நான் கடவுளை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் என் முயற்சி, என் ஒழுங்கு, என் பயம் என்ற சொந்த வேரில் வாழ்ந்துகொண்டிருந்தேன். "என்னில் நிலைத்திருங்கள்" என்று அவர் சொன்னது வேறு. கிளை முக்கி முனகிப் பழம் தள்ளுவதில்லை. ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான், பழம் வருகிறது. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று கலாத்தியர் 5இல் பவுல் எண்ணுகிறவற்றுக்கு அவர் வைத்த பெயரும் "ஆவியின் கனி"தான்.

அப்படியானால் சட்டமே வேண்டாமா?

வேண்டும். உறவு வந்துவிட்டது, இனி எப்படியும் வாழலாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு உறவு என்றால் என்னவென்றே புரியவில்லை. "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்றுதான் இயேசுவே சொன்னார். அன்பு முதலில் நிற்கிறது, கற்பனை அதன் பின்னால் வருகிறது.

இதை எனக்குக் காட்டியது அம்மாவின் கொலுசு. கல்யாணத்துக்குப் போட்ட கெட்டிக் கொலுசு. படி ஏறும் சத்தத்தை வைத்தே அம்மா வருவது தெரியும். ஒருநாள் அந்தச் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரசவச் செலவுக்காக அதை விற்றுக் கொடுத்திருந்தார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "ஜெபம் பண்ணும்போது அந்தப் பொண்ணு ஞாபகமாவே இருந்துச்சுங்க" என்றார். அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து என் அக்கா போய்வந்த ஒரு ஜெபக் கூட்டத்தில், நகை போட்டால் பரிசுத்தம் போய்விடும் என்று எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னார்கள். அக்கா கொலுசைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். வருஷம் முடிவதற்குள் கூட்டத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். நகை போடாமல் வாழ்கிற விசுவாசிகள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் மனசார அதைச் செய்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒருவருடைய அன்பு தானாகச் செய்ததை இன்னொருவர் தலையில் சட்டமாக வைக்கும்போது என்ன ஆகிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

எங்கே தொடங்குவது

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவரிடம் நோட்டு இருந்திருக்க வழியில்லை. விடுமுறைக்கு ஏற்காடு போயிருந்தபோது ஒருநாள் விடியற்காலையில் அடுப்படியில் பேச்சுச் சத்தம் கேட்டு, யாரோ சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். பாட்டி தனியாக உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். "பழுத்த நேரம் பாத்து மழை வந்து காப்பியெல்லாம் கொட்டிப்போச்சு அப்பா, இந்த வாரம் கூலி கம்மியாத்தான் வரும், நீர் பாத்துக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் புகார் இருந்தது, பயம் இல்லை. அவர் இறந்த வாரம் நான் அந்தக் கட்டங்களை நிரப்பியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

ஜெபம் என்பது அதுதான். நல்ல சொற்களைத் தேட வேண்டியதில்லை. 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று சண்டையாகவே தொடங்குகிறது. அதுவும் ஜெபப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. வாசிக்க வேண்டும் என்றால் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது. ஒரே உட்காரலில் கதை போல வாசித்துவிடலாம். எத்தனை வாசித்தோம் என்று குறித்து வைக்க வேண்டாம். இவர் எப்படிப்பட்டவர், யாரோடு சாப்பிட்டார், எதற்குக் கோபப்பட்டார், யாருக்காக மனதுருகினார் என்று மட்டும் கவனியுங்கள். ஞாயிறு ஆராதனை, லெந்து, காணிக்கை எல்லாம் அந்தப் பழக்கத்துக்குள் அதனதன் இடத்தில் வந்து உட்காரும்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அக்காவிடம் போய், அன்றைக்கு நான் சொன்னது அரைகுறை என்று ஒப்புக்கொண்டு, இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். தட்டுவடைமேல் சட்னி தடவிக்கொண்டே கேட்டார்.

"பேசினா பதில் வருமா தம்பி?"

காதில் குரல் கேட்கும் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கேட்டதில்லை. வாசித்த ஒரு வரி நாள் முழுக்கக் கூடவே வரும், செய்யப்போன ஒரு தப்பு கையைப் பிடித்து நிறுத்தும், எதிர்பாராத நேரத்தில் ஒருவர் வந்து நிற்பார். மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லாத காலமும் வரும் என்று மறைக்காமல் சொன்னேன். காப்பிச் செடியும் அப்படித்தான். மழை இல்லாத மாதங்களில் மொட்டு கட்டிக்கொண்டு அப்படியே அடங்கி இருக்கும். அந்த வறட்சியும் அதற்கு வேண்டும். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்த பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி மணக்கும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதற்குள் இரண்டு பேர் வந்து செட் வாங்கிப் போனார்கள்.

"எனக்கு எம் பொண்ணு படிச்சு முடிச்சு எங்க போகுமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வர்றதில்ல. அதையெல்லாமா சொல்றது?"

"அதைத்தாங்க்கா."

"என்னன்னு கூப்பிடணும்?"

"அப்பான்னு கூப்பிடுங்க."